ஓட்டுவதில் ஆசை உள்ளவர்களை கார் கம்பெனிகள் மறந்துவிட்டனவா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

தக்கலையில் இருந்து:

குலசேகரத்தில் இருந்து பேச்சிப்பாறை அணைக்குப் போகிற ரோட்டை நம் குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இருபுறமும் ரப்பர் மரம், வளைவுக்கு மேல் வளைவு, மழை விட்ட மறுநாளும் நிழலில் ஈரம் காயாது. அந்த ரோட்டில் மாமா மகனின் புன்டோ அபார்த்தை ஓட்டியபோதுதான் நல்ல ஸ்டீயரிங் என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது. 2015இல் ஃபியட் இங்கே கொண்டுவந்த வண்டி அது. 1.4 லிட்டர் டர்போ, 145 குதிரைத்திறன், மின்மோட்டார் இல்லாமல் எண்ணெய் அழுத்தத்தில் உதவும் ஹைட்ராலிக் ஸ்டீயரிங். ஈரமான வளைவில் முன்சக்கரம் பிடி விடத் தொடங்கினால் ஸ்டீயரிங் கையில் லேசாகும். உடனே ஆக்சிலரேட்டரில் காலைத் தளர்த்திவிடலாம். இன்றைய கணக்குக்கு அது பெரிய வேகமில்லை. ஆனாலும் இறங்க மனம் வரவில்லை.

போன வருடம் அதே மாதிரி ஒன்று வாங்கலாம் என்று ஒரு ஷோரூமுக்குப் போனேன். பெயரிலேயே 'ஸ்போர்ட்' இருக்கிற வண்டி. விற்பனைப் பையன் திரையின் அளவு, சன்ரூஃப், உள்ளே நிறம் மாறும் விளக்கு என்று அடுக்கினான். மேனுவல் கியர் உண்டா என்று கேட்டதற்கு, "டாப் மாடல்ல இல்ல சார், யாரும் கேக்கறதில்ல" என்றான். சரி, ஓட்டியாவது பார்ப்போம் என்று ஆரல்வாய்மொழி வரை கொண்டுபோனேன். அங்கே அடிக்கிற காற்று எப்படி என்று தெரியும்தானே? பக்கவாட்டில் தள்ளியது. வண்டி நகர்ந்தது கண்ணுக்குத் தெரிந்தது, கைக்குத் தெரியவே இல்லை. வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள், ஓட்டுகிறவனுக்கு வந்து சேர வேண்டிய சேதி குறைந்துகொண்டே போகிறது. என் வருத்தம் இதுதான்.

குளச்சல்காரன், இப்போது ராஸ் அல் கைமாவில்:

முதலாளியின் வண்டிகளைச் சர்வீசுக்குக் கொண்டுபோவதும் என் வேலையில் சேர்த்தி. அதனால் பழசு, புதுசு இரண்டையும் தொட்டுப் பார்க்க முடிகிறது. இங்கே ஜெபல் ஜைஸ் மலைச்சாலை மாதிரி இடத்தில் புது வண்டிகள் ஏறுகிற வேகம் பயங்கரம். இறங்கும்போதுதான் எடை தெரியும்.

1998இல் வந்த பிஎம்டபிள்யூ எம்5 சுமார் 1,800 கிலோ, 400 குதிரைத்திறன், ஆறு கியர் மேனுவல் மட்டுமே. இப்போதைய எம்5 பெட்ரோல் எஞ்சினோடு மின்மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட், 2,400 கிலோவுக்கு மேல். மெர்சிடிஸ் ஏஎம்ஜி சி63இல் இருந்த எட்டு சிலிண்டர் வி8 எஞ்சினை 2022இல் எடுத்துவிட்டு, நாலு சிலிண்டரையும் மின்மோட்டாரையும் சேர்த்து 680 குதிரைத்திறன் என்றார்கள். சக்தி கூடியது உண்மைதான், ஆனால் அந்தக் காரை வாங்கியவர்களில் பலர் ஆசைப்பட்டது வி8 சத்தத்துக்கு. ஐரோப்பாவின் கார்பன் விதிகள் கம்பெனிகளை நெருக்குகின்றன. வெளியே இருந்து சார்ஜ் ஏற்றுகிற பிளக்-இன் ஹைபிரிட் என்றால் சோதனைக் கணக்கில் புகை குறைவாகக் காட்டும். அந்தச் சங்கடம் எனக்குப் புரிகிறது.

ஆனால் மனது வைத்தால் முடியும். 2013இல் போர்ஷே 911 ஜிடி3 ஆட்டோமேட்டிக்கில் மட்டும் வந்தது. ரசிகர்கள் விடாமல் முணுமுணுத்தார்கள். 2016இல் 911 ஆர் என்று மேனுவலில் மொத்தமே 991 வண்டிகள் மட்டும் செய்தார்கள், பழைய வண்டிச் சந்தையில் அதன் விலை எங்கேயோ போனது. அடுத்த வருடமே ஜிடி3க்கும் மேனுவல் திரும்பிவிட்டது. கம்பெனிகளுக்குக் காது கேட்கிறது. கோடிகளில் செலவழிக்கிறவன் பேசினால் சீக்கிரம் கேட்கிறது.

மார்த்தாண்டம், பட்டறையில் இருந்து:

தக்கலை தம்பி சொல்வதில் பாதியைத்தான் ஏற்பேன். நம் நாட்டில் வரிதான் எஞ்சினைத் தீர்மானிக்கிறது. பெட்ரோல் கார் நாலு மீட்டர் நீளத்துக்குள்ளும் 1,200 சிசிக்குள்ளும் இருந்தால் இப்போது ஜிஎஸ்டி 18 சதவீதம், தாண்டினால் 40. விகிதம் மாறியிருக்கிறதே தவிர, இந்தக் கோடு ரொம்ப காலமாக இருக்கிறது. அபார்த்தின் எஞ்சின் 1,368 சிசி. சின்ன காருக்குப் பெரிய காரின் வரி கட்ட எத்தனை பேர் வருவார்கள்?

அப்புறம் நம்மையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். டாடாவும் கோயம்புத்தூர் ஜெயம் கம்பெனியும் சேர்ந்து 2018இல் டியாகோ ஜேடிபி விட்டார்கள். 114 குதிரைத்திறன், மேனுவல், எளிய விலை. ஆசைக்காரனுக்கென்றே செய்த வண்டி. என் பட்டறைக்கு அருமனையில் இருந்து ஒரே ஒரு பையன் கொண்டுவருவான், அத்தனை ஆசையாக வைத்திருக்கிறான். மற்றவர்கள் எல்லாம் நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டு உயரமான எஸ்யூவி வாங்கப் போனார்கள். 2020இல் ஜேடிபி நின்றது.

இன்னொன்றையும் பாருங்கள். ஹூண்டாய் ஐ20 'என் லைன்' (N Line) 2021இல் வந்தபோது, கையால் கியர் போடுகிற வண்டியிலும் கிளட்ச் பெடல் இல்லை. 2023இல் அந்த முறையை எடுத்துவிட்டு, கிளட்ச் பெடலோடு ஆறு கியர் மேனுவல் வைத்தார்கள். கஸ்டமர் வண்டி ஒன்றைக் கீரிப்பாறை ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். ஸ்டீயரிங் அபார்த் அளவுக்கு வராது, ஆனால் மூன்றாவது கியரில் வளைவு ஏறும்போது முகத்தில் தானாகச் சிரிப்பு வருகிறது. தம்பி அதை இன்னும் ஓட்டவில்லை என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு வாருங்கள். வண்டிக்காரரிடம் நானே பேசி வைக்கிறேன்.