துரு எடுத்து டச்-அப் அடித்த இடத்தைச் சுற்றி வட்டம் தெரிகிறது, உதவி தேவை

சக்கரம்22:
அவசரம். பின் சக்கரத்துக்கு மேல் துரு பிடித்திருந்தது. தேய்த்து எடுத்து, பட்டி வைத்து, பிரைமர், பெயிண்ட் எல்லாம் அடித்தாயிற்று. அடித்த இடத்தைச் சுற்றி வட்டமாக ஒரு விளிம்பு தெரிகிறது. கதவு ஓரத்து ஸ்டிக்கரில் இருந்த கலர் நம்பரைப் பார்த்துத்தான் வாங்கினேன். சனிக்கிழமை வண்டியை வெளியில் எடுக்க வேண்டும். ரப்பிங் காம்பவுண்ட் போட்டால் போய்விடுமா?

நீலவானம்:
காரா, பைக்கா? என்ன நிறம்? ஒரு படம் போடுங்களேன்.

பட்டறைப்பையன்:
மெட்டாலிக்கா, சாதா நிறமா? ஸ்ப்ரே கேனா, ஸ்ப்ரே கன்னா? மேலே கிளியர் (நிறமில்லாத பளபளப்புப் பூச்சு) அடித்தீர்களா? இது தெரியாமல் யார் என்ன சொன்னாலும் குத்துமதிப்புதான்.

கரிசல்மண்:
எனக்குத் தெரிந்து நிறம்தான் பிரச்சினை. வெயிலில் கிடந்த பழைய பெயிண்ட் வெளுத்திருக்கும். போதாததற்கு ஒரே நம்பரிலேயே கொஞ்சம் வெளிர், கொஞ்சம் அடர் என்று வேரியண்ட் இருக்கும். வண்டியைக் கொண்டுபோய்க் காட்டிப் பெயிண்ட் கலக்கச் சொல்லுங்கள். கேன் வாங்கினால் இப்படித்தான்.

வார்னிஷ்வாசி:
தம்பி, காம்பவுண்ட் என்பது தேய்க்கிற பொருள், மறைக்கிற பொருள் இல்லை. இதைத் தெரிந்துகொள்ளாமல் ஸ்ப்ரே கேனைக் கையில் எடுப்பவர்களுக்கு வருஷக்கணக்கில் இதே பதிலைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மாஸ்கிங் டேப்பைத் துருவை ஒட்டி நேராக ஒட்டி அடித்திருப்பீர்கள். டேப்பை எடுத்ததும் படிக்கட்டு மாதிரி விளிம்பு நிற்கும். டேப்பைப் பாதியாக மடித்து, ஓரம் மேலே தூக்கி நிற்கும்படி ஒட்ட வேண்டும். இது அரிச்சுவடி.

சக்கரம்22:
கார். சில்வர். கேன்தான். கிளியர் அடித்தேன். டேப் ஒட்டவில்லை, பேப்பரைத் தூரமாக வைத்துத்தான் அடித்தேன். படம் எடுத்தால் வட்டம் தெரியவே மாட்டேன் என்கிறது, நேரில் தெரிகிறது.

பட்டறைப்பையன்:
சில்வர் என்றால் கதையே வேறு. கரிசல்மண் அண்ணா சொல்வது நடக்கக்கூடியதுதான். ஆனால் நிறம் மட்டும் தப்பாக இருந்தால் படத்திலும் தெரிந்திருக்கும். பார்க்கிற கோணத்துக்குத் தகுந்த மாதிரி தெரிந்து மறைகிறது என்றால் பெயிண்டில் கலந்திருக்கும் அலுமினியத் துகள் படுத்த விதத்தையோ, ஓரத்துச் சொரசொரப்பையோதான் முதலில் சந்தேகப்படுவேன்.

கிளியர் நன்றாகக் காய்ந்திருந்தால் ஒரு சோதனை செய்யுங்கள். அந்த இடத்தில் தண்ணீரை ஊற்றி, ஈரமாக இருக்கும்போதே பாருங்கள். வட்டம் மறைந்தால் அது மேல்பரப்புச் சொரசொரப்பு. ஓரத்தில் கிளியர் தூளாக விழுந்திருக்கும், இல்லாவிட்டால் உப்புத்தாள் கீறல் கிளியரால் மூடப்படாமல் இருக்கும். தண்ணீர் அந்தப் பள்ளங்களை நிரப்புவதால் கண்ணுக்கு மறைகிறது. அதைத் தேய்த்து எடுத்துவிடலாம். ஈரத்திலும் தெரிந்தால் பிரச்சினை கலரில். காம்பவுண்ட் அதைத் தொடவே தொடாது.

இரும்புநெஞ்சம்:
வட்டத்தை விடுங்கள். துருவை எப்படி எடுத்தீர்கள்? ரஸ்ட் கன்வெர்ட்டர், அதாவது மிஞ்சிய துருவை மாற்றும் ஆசிட் திரவம், போட்டீர்களா? போடாமல் பட்டி வைத்திருந்தால் அடுத்த மழைக்காலத்தில் கொப்புளம் வரும். அப்போது வட்டம் பற்றிய கவலையே இருக்காது.

வார்னிஷ்வாசி:
கன்வெர்ட்டர் சோம்பேறிகளின் மருந்து. தகரம் பளபளவென்று தெரியும்வரை தேய்த்து, எப்பாக்ஸி பிரைமர் அடிப்பதுதான் வேலை.

இரும்புநெஞ்சம்:
துரு தின்ற தகரத்தில் ஊசிமுனை அளவுக் குழிகள் இருக்கும். டிஸ்க் மேட்டைத்தான் தேய்க்கும், குழிக்குள் போகாது. குழியில் மிஞ்சியதைப் பாஸ்பாரிக் ஆசிட்டோ டானிக் ஆசிட்டோதான் பிடித்து மாற்றும். எவ்வளவு தேய்ப்பீர்கள், ஓட்டை விழும்வரையா?

வார்னிஷ்வாசி:
அந்த ஆசிட் மிச்சத்தின் மேல் எப்பாக்ஸி அடித்தால் பிடிக்காது. பல டப்பாக்களிலேயே எழுதியிருக்கும். படிப்பவர்கள் குறைவு.

இரும்புநெஞ்சம்:
கழுவிக் காயவைக்க வேண்டியதைக் கழுவச் சொல்லியும் எழுதியிருக்கும். அதையும் படியுங்கள்.

நீலவானம்:
கேட்டவருக்குச் சனிக்கிழமை வண்டி வேண்டும். கொஞ்சம் அதைப் பார்ப்போமா?

சக்கரம்22:
தண்ணீர் ஊற்றினேன். வெளி வட்டம் சுத்தமாக மறைந்துவிட்டது. நடுவில் மட்டும் கருமையாக ஒரு திட்டு நிற்கிறது, உள்ளங்கை அளவு இருக்கும்.

பட்டறைப்பையன்:
அப்படியானால் உங்களிடம் இரண்டு பிரச்சினைகள்.

வெளி வட்டம் எளிது. 2000 எண் தாளைத் தண்ணீரில் நனைத்து லேசாக ஓட்டுங்கள், அப்புறம் காம்பவுண்ட். புதிய பெயிண்டில் தொடங்கிப் பழைய பக்கம் நோக்கித் தேய்க்க வேண்டும். எதிர்த்திசையில் தேய்த்தால் கிளியரின் மெல்லிய ஓரம் உரிந்து எழும்பிவிடும். அந்த ஓரத்தில் கிளியர் தாள் மாதிரிதான் இருக்கும், அழுத்தாதீர்கள்.

நடுவில் உள்ள திட்டு, பெயிண்ட் ஈரமாக விழுந்ததால் வந்தது. பிரைமர் மூடவில்லையே என்று அதே இடத்தில் கிட்டே வைத்து மறுபடி மறுபடி அடித்திருப்பீர்கள். பெயிண்ட் தடிமனாக ஈரத்தில் நிற்கும்போது துகள்கள் கீழே இறங்கிவிடும், நேரே பார்த்தால் கருமை தட்டும். தூரத்திலிருந்து காய்வாக அடித்தால் துகள்கள் மேலாகவே நிற்கும், அங்கே வெளுத்துத் தெரியும். ஒரே கேனில் இரண்டு சில்வர் வருவது இப்படித்தான்.

இதற்குத் திரும்ப அடிப்பதைத் தவிர வழியில்லை. திட்டை 800 எண் தாளில் ஈரமாகத் தேய்த்துச் சமன் செய்யுங்கள், பிரைமரோ பட்டியோ வெளியே வரக் கூடாது. பட்டி தண்ணீர் குடிக்கும், குடித்தால் அடியில் துருதான். சுற்றுப்புறத்தை நல்ல அகலமாக 1500இல் மங்கலாக்குங்கள். பேஸை, அதாவது கிளியருக்கு அடியில் வரும் கலரை, மெல்லிசாக அடியுங்கள், கை நிற்கவே கூடாது, ஒவ்வொரு கோட்டும் முந்தையதைத் தாண்டிக் கொஞ்சம் வெளியே போக வேண்டும். இடையில் பளபளப்பு போய் மங்கும்வரை, சுமார் 10 முதல் 15 நிமிடம், காத்திருங்கள். கடைசியாக ஒன்று மட்டும் தள்ளி நின்று தூவல் மாதிரி. மெட்டாலிக் பேஸைக் காய்ந்தபின் தாளால் தொடாதீர்கள். கலர் சின்னதாக இருக்கட்டும், கிளியர்தான் பெரிதாகப் போக வேண்டும்.

கரிசல்மண்:
கிளியரை எங்கே முடிப்பது? பின் பக்கத் தகடு கூரைவரை ஒரே தகடாக ஓடும். கதவு மாதிரி முடிவு கிடையாதே.

பட்டறைப்பையன்:
நல்ல கேள்வி. பல வண்டிகளில் சக்கர வளைவுக்கு மேலே ஒரு மடிப்புக் கோடு ஓடும். கலரை அதற்குக் கீழேயே நிறுத்துங்கள். கிளியரைக் கோட்டைத் தாண்டி மேலே கொண்டுபோய், ஜன்னல் பக்கம் தகடு மிகக் குறுகும் இடத்தில் பிளெண்டிங் தின்னரால் கரைத்து முடிப்பது வழக்கம். நடுத்தகட்டில் கரைத்த ஓரம் கொஞ்ச காலத்தில் திரும்பத் தெரிய ஆரம்பிக்கலாம். அதனால்தான் கண் அதிகம் போகாத குறுகிய இடம்.

வார்னிஷ்வாசி:
ஒன்றை விட்டுவிட்டீர்கள். சாதாரண ஒன்-கே கிளியர் (ஹார்டனர் கலக்காதது) பெட்ரோல் பட்டால் இளகும். பெட்ரோல் மூடி அந்தப் பக்கத்தில் இருந்தால் டூ-கே (ஹார்டனர் கலந்து கெட்டியாவது) கேன்தான். அதில் ஐசோசயனேட் இருக்கிறது, நுரையீரலைக் கெடுக்கும். துணி மாஸ்க் அதைத் தடுக்காது. சரியான சுவாசக் கவசம் இல்லாவிட்டால் அதைத் தொடவே வேண்டாம், செய்பவரிடம் கொடுத்துவிடுங்கள். இதை அக்கறையோடுதான் சொல்கிறேன்.

இரும்புநெஞ்சம்:
இதில் நானும் உடன்படுகிறேன். கன்வெர்ட்டர் விஷயத்தில் இல்லை.

சக்கரம்22:
வெளி வட்டம் போய்விட்டது. நன்றி. திட்டோடுதான் சனிக்கிழமை எடுக்கிறேன், பேஸை அப்புறம் அடிக்கிறேன்.

இரும்புநெஞ்சம்:
வளைவின் உள்பக்கம் பார்த்தீர்களா? அங்கே இரண்டு தகடு சேரும் மடிப்பில் சேறு தங்கும், துரு பெரும்பாலும் அங்கிருந்துதான் வெளியே வரும். கழுவிக் காயவைத்து, மெழுகு ஸ்ப்ரே அடித்தீர்களா?

இரும்புநெஞ்சம்:
சக்கரம்22, இருக்கிறீர்களா?