ஒட்டுமர உத்தரம்: 60 நிமிடத் தீயில் இணைப்பு தாங்குமா?

வணக்கம். 200 × 400 மி.மீ. பைன் ஒட்டுமர (பலகைகளை அடுக்கி ஒட்டிய மரம்) உத்தரம், இரு பக்கவாட்டிலும் அடியிலுமாக மூன்று பக்கமும் தீ. யூரோகோட் 5 (மரக் கட்டுமானத்துக்கான ஐரோப்பிய வடிவமைப்பு விதி) படி கருகல் நிமிடத்துக்கு 0.7 மி.மீ.; 60 நிமிடத்துக்கு 42 மி.மீ. கரிக்கு அடியில் சூட்டில் வலுவிழந்த அடுக்கு 7 மி.மீ. பக்கத்துக்கு 49 போனால் மிச்சம் 102 × 351. கரியே போர்வை என்பதால் மரம் நின்றுவிடும்.

சிக்கல் இணைப்பில்தான். நடுவில் செருகிய 10 மி.மீ. எஃகுத் தகடு, மரத்தையும் தகட்டையும் ஊடுருவிப் பிணைக்கும் 12 மி.மீ. எஃகு முளைகள் (உருளைக் கம்பிகள்). முளை முனை வெளியே தெரிந்தால் வெப்பத்தை உள்ளே இழுத்துத் துளையைச் சுற்றிக் கருக்கிவிடும். மூடாமல் விட்டால் 20 நிமிடம் தாண்டுவதே பாடு. முனைகளை உள்ளே தள்ளி, 50 மி.மீ. மர அடைப்பு ஒட்டினால் முளைக்குப் பக்கத்துக்கு 45 மி.மீ. பிடிதான். போதுமா, அகலத்தைக் கூட்டணுமா? தகட்டின் அடிவிளிம்புக்கு, சூட்டில் உப்பும் பட்டையா, மரப்பட்டியா? செய்தவர்கள் சொல்லுங்கள்.