‘குரொஸ் பிளாட்போம்’: வெள்ளிக்கிழமைக்கு முன் ஒரு தமிழ்ச்சொல் தேவை

கல்லடியிலிருந்து:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் மாணவர்களுக்காக நாங்கள் நடத்தும் கைப்பேசிச் செயலி வகுப்பின் கைந்நூல் வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகிறது. நான்காம் அலகின் தலைப்பு மட்டும் இன்னும் எழுதப்படாமல் கிடக்கிறது. அன்ட்ரொயிட்டுக்குக் கொட்லின் என்ற கணினிமொழியிலும் ஐபோனுக்கு சுவிஃப்ட் என்ற கணினிமொழியிலும் தனித்தனியாக எழுதாமல், ஒரே குறிமுறையை எழுதி இரண்டிலும் இயக்க உதவும் கருவிகளைப் பற்றிய அலகு அது. ஃபுளட்டர், ரியாக்ட் நேட்டிவ், கொட்லின் மல்ட்டிபிளாட்போம் ஆகியவற்றின் நன்மை தீமைகளை ஒப்பிட்டு ஓர் அட்டவணையும் தயாரித்திருக்கிறேன். வகுப்பில் ‘குரொஸ் பிளாட்போம்’ என்றே பேசிக்கொண்டு போகிறோம். அச்சில் அப்படியே போட மனம் வரவில்லை. ‘குறுக்குத்தளம்’ என்று ஓரிடத்தில் கண்டேன். அதை வகுப்பில் சொன்னபோது, வீட்டுக்குக் குறுக்கே போடும் சீமெந்துத் தளமா என்று ஒரு மாணவி கேட்டாள். வியாழன் இரவுக்குள் ஒரு சொல் தந்து உதவுங்கள்.

காரைதீவிலிருந்து:

மகள், உங்கள் மாணவி கேட்டது சரியான கேள்வி. தமிழில் குறுக்கே நிற்பவன் தடுப்பவன். குறுக்கே பேசுபவன் குழப்புபவன். குறுக்குவழியை யாரும் நல்ல வழி என்று சொன்னதில்லை. ஆகவே அந்த முன்னொட்டை விட்டுவிடுங்கள். பொருளைப் பார்த்தால் இங்கே இருப்பது பன்மை. பல, சில என்னும் சொற்களுக்கு முன் பிற சொல் வந்தால் ஈற்று அகரம் நிற்பதும் கெடுவதும் உண்டு என்பது நன்னூல் விதி. அகரம் கெட்டால் ‘பல்’ என்றாகும். அதன் லகரம் தகரத்தோடு புணர்ந்து ஆய்தமாகத் திரியும். பஃறுளி ஆறும் பஃறொடை வெண்பாவும் அப்படி அமைந்தவையே. அந்த வழியில் நமக்கு வேண்டிய சொல் ‘பஃறளம்’. ‘பல்தளம்’ என்று இணையத்தில் சிலர் எழுதுவதற்கு எந்த விதியும் துணை நிற்காது. எங்கள் ஊரில் பிறந்த விபுலாநந்த அடிகள் விஞ்ஞானம் கற்றுவிட்டுத் தமிழுக்கு வந்து, 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தவர், கலைச்சொல்லாக்கத்துக்கும் உழைத்தவர். அவர் பிறந்த மண்ணிலிருந்து அச்சாகும் கைந்நூலில் புணர்ச்சி பிழைக்கக்கூடாது.

வந்தாறுமூலையிலிருந்து:

ஐயா காட்டிய விதியில் குறையில்லை. ஆனால் அதே விதி ‘பலதளம்’ என்பதையும் அனுமதிக்கிறது. மேலும், தனிக்குறிலை அடுத்த லகரத்தின் முன் தகரம் வந்தால் அது ஆய்தம் ‘ஆகவும் பெறும்’ என்றுதான் நன்னூல் சொல்கிறது. ஆகியே தீரவேண்டும் என்று சொல்லவில்லை. அப்படியானால் ‘பற்றளம்’ என்ற வடிவத்துக்கும் இடமுண்டு. மூன்று வடிவங்களும் இலக்கணத்துக்குப் பொருந்தும்போது, மாணவர் வாயில் நுழைவதைத் தெரிவதே முறை.

எனக்குள்ள தடை ‘பல’ பற்றியதன்று, ‘தளம்’ பற்றியது. தமிழ்நாட்டில் ‘இயங்குதளம்’ என்று சொல்வதை எங்கள் பாடநூல்கள் ‘பணிசெயல் முறைமை’ என்கின்றன. தமிழ்நாட்டு வாசகர் தளம் என்றவுடன் அன்ட்ரொயிட்டையும் ஐபோனை இயக்கும் ஐஓஎஸையும் நினைப்பார். எங்கள் மாணவர் இணையத்தளத்தை நினைப்பார். ‘பலதளச் செயலி’ என்றால் பல இணையத்தளங்களைத் திறந்து காட்டும் செயலி என்று விளங்கிக்கொள்ள முழு வாய்ப்புண்டு. இது வெறும் சொற்குழப்பமாக நின்றுவிடாது. ஃபோன்கப், கோர்டோவா போன்ற முந்திய கருவிகள் உண்மையிலேயே ஓர் இணையப்பக்கத்தைச் செயலிக்குள் பொதிந்து தந்தவை. அந்த வகையையும் ஃபுளட்டரையும் வேறுபடுத்திக் காட்டவேண்டிய அலகின் தலைப்பே இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால், கல்லடி ஆசிரியை முதல் ஒரு மணித்தியாலத்தைத் தலைப்புக்கு விளக்கம் சொல்வதில் செலவிட நேரும். நான் ‘தளங்கடந்த செயலி’ என்பதை முன்மொழிகிறேன். காலங்கடந்த, எல்லைகடந்த என்பவை பழகிய ஆட்சிகள்.

களுவாஞ்சிகுடியிலிருந்து:

எல்லாரும் தளத்தைத் தமிழென்று எடுத்துக்கொண்டு மேலே பேசுகிறீர்கள். வில்வதளத்தில் வரும் தளம் இலை. தளபதியில் வரும் தளம் படை. இரண்டும் வடக்கிலிருந்து வந்தவை. தரையைக் குறிக்கும் தளத்தையும் அந்த வரிசையிலிருந்து எளிதாகப் பிரித்துவிட முடியாது என்பது என் எண்ணம். நம்மிடம் இருக்கும் சொல்லை விட்டுவிட்டு ஏன் அங்கே போகவேண்டும்? அன்ட்ரொயிட் ஒரு நிலம், ஐபோன் இன்னொரு நிலம். ஒவ்வொன்றுக்கும் தனக்குரிய ஒழுக்கமும் கருப்பொருளும் உண்டு. ஒன்றில் பின்செல்லப் பொத்தானோ சைகையோ முறைமையிலேயே இருக்கிறது. மற்றதில் இடது மேல் மூலையிலுள்ள அம்புக்குறியையோ திரையின் ஓரத்திலிருந்து விரலை இழுப்பதையோ நம்பவேண்டும். நிலமும் ஒழுக்கமும் சேர்ந்ததற்குத் தமிழன் வைத்த பெயர் திணை. பல் + திணை, பஃறிணை. ‘பஃறிணைச் செயலி’ என்பதை விட அழகான சொல்லை யாராவது காட்டட்டும். திணைமயக்கம் என்ற கருத்தும் இதற்கு ஆயத்தமாகவே இருக்கிறது. திணை மயங்கலாம், ஆனால் நிலம் நிலத்தோடு மயங்காது என்று தொல்காப்பியம் எல்லையும் வகுத்திருக்கிறது.

வந்தாறுமூலையிலிருந்து:

அண்ணன், அழகை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘பஃறிணை’யை வகுப்பில் எழுதினால், பாதிப்பேர் அதை ‘அஃறிணை’ என்று வாசித்துவிட்டு, உயர்திணைச் செயலி எப்போது வரும் என்று கேட்பார்கள். தளம் வடசொல்லாகவே இருந்தாலும் அதில் வடவெழுத்து எதுவும் இல்லை; வடவெழுத்து நீங்கித் தமிழெழுத்தில் வந்த சொல்லை ஏற்கத் தொல்காப்பியமே வழிவிட்டிருக்கிறது.

அக்கரைப்பற்றிலிருந்து:

அனைவருக்கும் வணக்கமும் ஸலாமும். இலக்கணத்தில் நான் வாய் திறக்கமாட்டேன். இந்தக் கருவிகளில் உழைத்துச் சம்பளம் வாங்குபவன் என்ற முறையில், ‘தளங்கடந்த’ என்பது பொய்யான வாக்குறுதி என்பதை மட்டும் பதிவு செய்கிறேன். களுவாஞ்சிகுடி ஐயா விளையாட்டாகவோ வினையாகவோ எடுத்துத் தந்த ‘நிலம் மயங்காது’ என்ற வரிதான் இந்த இழையில் வந்தவற்றுள் தொழிலுக்கு மிக நெருங்கியது.

எங்கள் பக்கத்து நெல் ஆலை ஒன்றுக்கு ஃபுளட்டரில் ஒரு செயலி எழுதினோம். நெல் மூடை தராசில் ஏறியதும் நிறையையும் ஈரப்பதனையும் பதிந்து, அந்த இடத்திலேயே சிறிய புளூடூத் அச்சுப்பொறியில் பற்றுச்சீட்டு அடித்து விவசாயியின் கையில் கொடுக்கவேண்டும். களத்தில் நின்ற பையன்களின் அன்ட்ரொயிட் ஃபோன்களில் அது தடங்கலின்றி ஓடியது. ஆலைக்காரரின் மகனிடம் இருந்தது ஐபோன். அதே குறிமுறை, அதே திரை, அதே பொத்தான். சீட்டு மட்டும் வரவில்லை. அந்த அச்சுப்பொறி பழைய புளூடூத் முறையில் பேசும் மலிவான வகை. துணைக்கருவிகளுக்கு ஆப்பிள் வழங்கும் எம்.எஃப்.ஐ. சான்று பெறாத அத்தகைய கருவியோடு பேச ஐபோன் எந்தச் செயலியையும் விடாது. கடைசியில் குறைமின் புளூடூத் (பி.எல்.ஈ.) என்ற புதிய முறையில் பேசும் வேறோர் அச்சுப்பொறி வாங்கி, அச்சடிக்கும் பகுதியை இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாக எழுதினோம். கொட்லினும் சுவிஃப்ட்டும் தெரியாமல் தப்பலாம் என்று இந்தக் கருவிகளுக்கு வருகிறவர்கள், இப்படி ஒரு மூலையில் அவற்றைக் கற்றே ஆகவேண்டி வருகிறது. எதையும் நாங்கள் கடக்கவில்லை.

அதற்காகக் கருவிகளைக் குறை சொல்லவில்லை. இரண்டு பேர் கொண்ட ஒரு குழு இரண்டு வகை ஃபோன்களுக்கும் செயலி கொடுக்க முடிவது இவற்றால்தான். ஒரு பிழையைத் திருத்தினால் இரண்டிலும் திருந்துகிறது. ஒரு வரியை மாற்றிச் சேமித்த மறுகணமே திரையில் மாற்றம் தெரிகிறது. ஆனால் அவை வேலை செய்யும் விதம் ஒன்றல்ல. ரியாக்ட் நேட்டிவ் அந்தந்த ஃபோனுக்குரிய பொத்தான்களையும் பெட்டிகளையும் அழைத்துப் பயன்படுத்துகிறது. ஃபுளட்டர் ஃபோனிடம் வெறும் திரையை வாங்கி, எழுத்து முதல் பொத்தான் வரை எல்லாவற்றையும் தானே வரைகிறது. ஆகவே இரண்டு ஃபோன்களிலும் ஒரே தோற்றம் கிடைக்கிறது. அதேவேளை அந்த வரையும் பொறியையும் ஒவ்வொரு செயலியும் சுமப்பதால் கோப்பு பருக்கிறது. புதிய ஐஓஎஸ் வெளிவந்து பொத்தானின் தோற்றம் மாறினால், ரியாக்ட் நேட்டிவின் பொத்தான் பெரும்பாலும் கூடவே மாறும். ஃபுளட்டரின் பொத்தான் யாராவது மாற்றும்வரை பழைய சட்டையோடு நிற்கும். கொட்லின் மல்ட்டிபிளாட்போமில் உள்ளே ஓடும் கணக்கையும் தரவையும் மட்டும் பொதுவாக வைத்துக்கொண்டு, திரையை வேண்டுமானால் தனித்தனியாக எழுதலாம்.

இதனால் ‘பல’ என்பதும் எனக்குப் போதவில்லை. பல தளங்களில் ஓடுவது விளைவு. அதைத் தனித்தனியாக இரண்டு முறை எழுதியும் அடையலாம். இந்தக் கருவிகளின் சிறப்பு குறிமுறை பொதுவாக இருப்பது. எவ்வளவு பொது என்பதில்தான் கருவிக்குக் கருவி வேறுபாடு. ‘பொதுக்குறிமுறைச் செயலி’ என்றால், எவ்வளவு பொது என்ற கேள்வி சொல்லுக்குள்ளேயே இருக்கும்.

ஆசிரியையின் அட்டவணைக்கு இரண்டு சேர்க்கைகள் வேண்டும். எந்தக் கருவியில் எழுதினாலும் ஐபோனுக்குரிய இறுதிக்கோப்பைக் கட்ட ஆப்பிளின் மக் கணினியும் அதில் ஓடும் எக்ஸ்கோட் என்ற மென்பொருளும் தேவை. அல்லது இணையவழி மக்கை வாடகைக்கு எடுக்கவேண்டும். கூகுள் பிளேயில் கணக்குத் திறக்க ஒரே தடவை 25 டொலர்; ஆப்பிளுக்கு ஆண்டுதோறும் 99 டொலர். விண்டோஸ் மடிக்கணினியோடு வரும் எங்கள் பிள்ளைகளுக்கு இதை முதற்பக்கத்திலேயே சொல்லுங்கள். அடுத்தது கருவியின் ஆயுள். ஃபோன்கப்பை அடோபி 2020இல் கைவிட்டது. இதே வகைக் கருவியான ஸமரினுக்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2024 மே மாதத்தோடு நிறுத்திவிட்டது. ஏர்பிஎன்பி நிறுவனம் ரியாக்ட் நேட்டிவைப் பயன்படுத்திப் பார்த்துவிட்டு, 2018இல் தனித்தனியாக எழுதும் முறைக்கே திரும்புவதாக அறிவித்தது.

காரைதீவிலிருந்து:

தம்பி, அச்சுப்பொறிக் கதை நன்றாக விளங்கியது; அதனாலேயே ‘கடந்த’ என்பதை நானும் கைவிடச் சொல்கிறேன். ஆனால் ‘பொது’ என்ற சொல்லுக்கும் வேறு வாடை உண்டு. பொதுநூலகம், பொதுச்சந்தை, பொதுக்கிணறு என்று பழகிய காதுக்கு, பொதுக்குறிமுறை என்றால் யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய குறிமுறை என்று படும். அதற்குத் ‘திறந்த மூலம்’ என்று ஏற்கெனவே சொல் வைத்திருக்கிறீர்கள், இரண்டும் மோதும். பஃறளத்தில் இந்த மோதல் எதுவும் இல்லை என்பதைக் குழுவின் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

கல்முனையிலிருந்து:

மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் ஒரு வேண்டுகோள். இன்று வியாழன். பஃறளத்தில் மோதல் இல்லாததற்குக் காரணம் அதை யாரும் இன்னும் பயன்படுத்தாததே. தேடுபொறியில் மாணவன் அதைத் தட்டினால் அவனுக்கு எதுவும் கிடைக்காது. தலைப்பில் ‘பலதளச் செயலியாக்கம்’ என்று போடுவோம். முதற்பந்தியில், இங்கே தளம் என்பது ஃபோனின் பணிசெயல் முறைமையைக் குறிக்கும், இணையத்தளத்தை அன்று என்று ஒரு வாக்கியமும், பேச்சு வழக்கில் ‘குரொஸ் பிளாட்போம்’ எனப்படும் என்று இன்னொரு வாக்கியமும் எழுதினால் வந்தாறுமூலையின் தடை பெருமளவு தீரும். வேலை தேடிக் கொழும்புக்குப் போகும் பிள்ளை, நேர்முகத் தேர்வில் அந்த ஆங்கிலச் சொல்லைத்தான் கேட்கப்போகிறது. மறுப்பவர்கள் இன்றிரவுக்குள் சொல்லுங்கள்.

வந்தாறுமூலையிலிருந்து:

விளக்கவாக்கியம் இருந்தால் மறுப்பில்லை.

அக்கரைப்பற்றிலிருந்து:

தலைப்பு எதுவானாலும் சரி. அட்டவணையில் ‘பொதுவான குறிமுறையின் அளவு’ என்று ஒரு நிரல் கட்டாயம் வேண்டும்.

களுவாஞ்சிகுடியிலிருந்து:

என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். வழக்கில் இல்லை என்பதற்காகச் சொல்லைத் தள்ளினால் எந்தச் சொல்லும் வழக்குக்கு வராது. ‘மின்னஞ்சல்’ என்ற சொல்லும் ஒரு நாள் யாரும் தட்டாத சொல்லாகத்தான் இருந்தது. திணை பற்றித் தனி இழை தொடங்குவேன்.

கல்லடியிலிருந்து:

எல்லாருக்கும் நன்றி. ‘பலதளச் செயலியாக்கம்’ என்றே தலைப்பிட்டு, அக்கரைப்பற்று கேட்ட நிரலையும் மக் கணினி, கட்டணம், கருவியின் ஆயுள் பற்றிய வரிகளையும் சேர்த்துவிட்டேன். அச்சுப்பொறி நிகழ்வை, ஆலையின் பெயர் இல்லாமல், பயிற்சி வினாவாக மாற்றியிருக்கிறேன்: எந்தப் பகுதியைப் பொதுவாக எழுதலாம், எதைத் தனித்தனியாக எழுதவேண்டும் என்று மாணவர் பிரித்துக் காட்டவேண்டும். அச்சுப்படியை இத்துடன் அனுப்புகிறேன்.

காரைதீவிலிருந்து:

மகள், அச்சுப்படியின் மூன்றாம் பக்கத்தில் ‘பலதள செயலி’ என்று இருக்கிறது. ‘பலதளச் செயலி’ என்று வல்லினம் மிகவேண்டும். ஆறாம் பக்கத்து அட்டவணையிலும் அதே பிழை இருக்கிறது. பஃறளம் பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை.