சுத்தமான நீர்த்துளியிலேயே பரப்பிழுவிசை இறங்குகிறது, உதவுங்கள்

யாழ்ப்பாணத்தில் ஆய்வு மாணவி நான். சவர்க்கார மூலக்கூறுகள் நீரும் காற்றும் சந்திக்கும் இடைமுகத்தில் எப்படிச் சேர்கின்றன என்று பார்க்க வேண்டும். ஆனால் வெறும் வடித்த நீரிலேயே நிற்கிறேன்.

25 பாகை செல்சியஸில் துளியை ஊசிமுனையில் தொங்கவிட்டு, அதன் வடிவத்தை வைத்துப் பரப்பிழுவிசையை, அதாவது நீரின் மேற்பரப்பைச் சுருக்கி இழுக்கும் விசையை, அளக்கிறேன். தொடக்கத்தில் மீற்றருக்கு 72 மில்லிநியூட்டன், சரியாக வருகிறது. பத்து நிமிடத்துக்குள் துளி கண்முன்னே நீண்டு, 64க்கு இறங்குகிறது. கிணற்றுநீர் உப்பு கலந்திருந்தால் இழுவிசை சற்றுக் கூடத்தான் செய்யும், அதனால் அது காரணமில்லை.

கண்ணாடிச் சாமான்களை எத்தனோலில் கழுவினேன், ஊசியை மாற்றினேன், நீரை மறுபடி வடித்தேன், ஆவியாகாமல் மூடிவைத்தும் அளந்தேன். அப்படியேதான்.

மிச்சம், ரப்பர் முனை வைத்த 5 மில்லிலீற்றர் பிளாஸ்டிக் சிரிஞ்ச். கண்ணாடிச் சிரிஞ்சைக் கொழும்பிலிருந்துதான் எடுப்பிக்க வேண்டும். சிரிஞ்சுக்குள் பூசியிருக்கும் சிலிக்கோன் எண்ணெயால் இவ்வளவு இறக்கம் வருமா?