எதை எடுத்தாலும் நூறு

உவர்மலை அக்கா:

ஆகஸ்ட் விடுமுறைக்கு ரொறன்ரோவிலிருந்து என் பெறாமகள் திருகோணமலைக்கு வந்திருந்தாள். இரண்டு பெட்டி. ஒன்றில் உடுப்பு, மற்றதில் முழுக்க டொலர் கடைச் சாமான். சிலிக்கன் அகப்பை, சமையலறைக் கத்தரிக்கோல், பை மூடுகிற கிளிப் இரண்டு டசின், ஒரு தேத்தண்ணீர் வடி. அம்மா அந்த வடியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எங்கட சென்றல் ரோட்டிலயும் தொங்குது பிள்ளை" என்றார். பெறாமகள் நம்பவில்லை.

சரி, அடுத்த நாள் பின்னேரம் கூட்டிக்கொண்டு போனேன். வாசலில் "100 முதல்" என்று மட்டை, மேலே வாளிகளும் தும்புத்தடிகளும். உள்ளே கொத்தாகத் தொங்கியது அதே வடி. பச்சைப் பிடி, கோப்பை விளிம்பில் கொளுவி வைக்க எதிர்ப்பக்கம் இரண்டு சின்னக் காது, பிடியின் அடியில் அதே சீனத்து ஸ்டிக்கர். அவள் விலை கேட்டாள், 250 என்றார் கடைக்காரர். நான் ஒன்றும் பேசவில்லை, முகத்தைப் பார்த்தேன். "அக்காவுக்கெண்டா 180" என்றார்.

கனடாவில் அதை 1.25 டொலருக்கு வாங்கினாளாம். பதின்மூன்று வீத வரியோடு 1.41. காசாகக் கொடுத்தால் 1.40, ஏனென்றால் அங்கே ஒரு சதக் குற்றியை 2013இலேயே நிறுத்திவிட்டார்கள். நம் காசுக்கு 300 ரூபாவுக்குக் கிட்ட. அதை உலகத்தின் அரைவாசி சுற்றிக் கொண்டுவந்திருக்கிறாள்.

அதோடு ஒரு சார்ஜ் டோச்சும் கேட்டாள். கடைக்காரர் எடுத்து அமத்தினார், எரியவில்லை. உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டினார், அப்போதும் எரியவில்லை. இன்னொன்றை எடுத்து எரித்து, அணைத்து, பிளக்கில் குத்திச் சிவப்பு லைற் வருகிறதா என்றும் காட்டித் தந்தார். பெறாமகளுக்கு அதுதான் அதிசயம். அங்கே இப்படி எரித்துக் காட்ட ஆளே இல்லையாம். நான் பார்த்தது வேறொன்று. எரியாத முதல் டோச்சை அவர் எறியவில்லை. திரும்பக் கொக்கியில் மாட்டிவிட்டார்.

வெளிநாட்டில் இருக்கிற நம் ஆட்கள் உங்கள் ஊர் மலிவுக் கடைகளில் கண்டதை எழுதுங்கள். கண்டது மட்டும் போதும், கேள்விப்பட்டது வேண்டாம்.

ஸ்காபரோவாசி:

அக்கா, பெறாமகளைப் பேசாதீர்கள். ஊருக்கு ரிக்கெற் போட்டால் இங்கே எல்லோரும் முதலில் ஓடுவது டொலராமா என்ற டொலர் கடைக்குத்தான். கியூபெக்கில் மற்றான் என்ற ஊரில் 1992இல் தொடங்கியது. நான் வந்தது 2003இல். அப்போது எதை எடுத்தாலும் ஒரு டொலர், அதோடு வரி. 2009இல் 1.25, 1.50, இரண்டு டொலர் என்று வந்தது. பிறகு மூன்று, நான்கு என்று ஏறி 2022இல் ஐந்து டொலர்ச் சாமானும் வந்துவிட்டது. ஆனால் பெயர்ப் பலகையைத் தொடவேண்டி வரவில்லை. அந்தப் பெயரில் டொலர் இருக்கிறது, "ஒரு" இல்லை. வைத்தவர் விஷயகாரர்தான்.

அமெரிக்காவில் டொலர் ட்ரீ இன்னும் பிடிவாதமாக நின்றது. 1986இல் தொடங்கிய கடை, 2021 வரை ஒரு டொலரை விடவில்லை. கடைசியில் அதுவும் 1.25 ஆனது. பஃபலோவுக்குப் போகும்போதெல்லாம் மனைவி அங்கே இறங்காமல் வரமாட்டார்.

மகளின் பூப்புனித நீராட்டு விழாவுக்குப் பொன் நிறத் தட்டு அறுபது தேவைப்பட்டது. ஒரு கிளையில் அவ்வளவு இருக்காது. மூன்று கிளை ஏறி இறங்கினோம். கடைசிக் கிளையில் கல்லாவில் நின்றது நம் பிள்ளை ஒன்று. மாமியாருக்கு அது தெரிந்ததும் தெம்பு வந்துவிட்டது. "பிள்ளை, இவ்வளவு எடுக்கிறம், பார்த்துப் போடுங்கோ" என்றார். அந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டே, "மாமி, நான் குறைச்சாலும் மெஷின் குறைக்காது" என்றது. மாமியார் வீடு வரும்வரை பேசவில்லை. உப்புவெளியில் மீனுக்குக்கூடப் பேரம் பேசாமல் காசு கொடுத்தறியாத மனுஷி.

ஹரோ மகன்:

நான் 2011இல் நடந்ததைச் சொல்கிறேன். அம்மா திருக்கடலூரிலிருந்து முதன்முதல் லண்டன் வந்த கிழமை. "வாங்கோ அம்மா, பவுண் கடைக்குப் போட்டு வருவம்" என்றேன். உள்ளே போனவர் அரை மணித்தியாலம் வெளியே வரவில்லை. வந்தபோது நல்ல சேலை, காதில் தோடு மாற்றியிருந்தார், கைப்பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். எனக்கு அப்போதும் விளங்கவில்லை. எல்லாம் ஒரு பவுணுக்கு விற்ற பவுண்லாண்ட் கடை வாசலில் நின்று சம்போவையும் பிஸ்கற்றையும் பார்த்த பிறகு மெல்லக் கேட்டார், "தம்பி, இதுவோ பவுண் கடை?" தங்கச்சிக்குச் சங்கிலி எடுக்கத்தான் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று நினைத்திருக்கிறார். ஊரில் பவுண் என்றால் எட்டுக் கிராம் தங்கம் என்பதை நான்தான் மறந்துபோனேன்.

ஆனால் அம்மாவின் கண் கூர்மையானது. பெயர்பெற்ற பற்பசை ஒன்றைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது சின்னன்" என்றார். அதுதான் இந்தக் கடைகளின் சூட்சுமம். விலையை அசைக்க முடியாவிட்டால் அளவை அசைப்பது. இந்தக் கடைகளுக்கென்றே தனி அளவில் பொதி செய்து கொடுக்கிற கம்பனிகள் இருக்கின்றன. 2016இல் டொப்ளரோன் சொக்லேற் முகடுகளுக்கு நடுவே இடைவெளியை அகட்டி 170 கிராமை 150 ஆக்கியது ஞாபகமிருக்கும். அடுத்த வருடமே பவுண்லாண்ட் இரட்டை முகடு வைத்துச் சொந்தச் சொக்லேற் ஒன்று இறக்கியது.

அம்மாவுக்கு நான் இன்னும் சொல்லாத செய்தி ஒன்று. பல வருடமாக அந்தக் கடையும் ஒரு பவுணைத் தாண்டிய விலைகளை வைத்துப் பார்த்தது. கடைசியில் 2025 ஜூனில் எண்ணூறுக்குக் கிட்டிய கிளைகளோடு மொத்தக் கம்பனியும் கைமாறியது. பெயரளவுக்கு வைத்த விலை ஒரு பவுண்.

பாலையூற்று:

சுவிஸ்காரர் ஒருவரும் இல்லையா?

சூரிச் தம்பி:

இருக்கிறேன். இங்கே மலிவு என்றால் எல்லை தாண்டி ஜேர்மனிக்குப் போவதுதான். முன்பு ஆளுக்கு 300 பிராங் வரை வரியில்லாமல் கொண்டுவரலாம், 2025 தை முதலாம் திகதியிலிருந்து 150 ஆக்கிவிட்டார்கள். பிள்ளைகளையும் காரில் ஏற்றிக்கொண்டு போங்கள், தலைக்கணக்குக் கூடும். வேறு சொல்ல ஒன்றுமில்லை.

கப்பல்துறைக்காரன்:

கேள்விப்பட்டது வேண்டாம் என்று அக்கா சொன்னாலும் ஒரு கதை சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஹிரோஷிமாப் பக்கம் மூன்று வருடம் வேலை செய்தேன். டைசோ என்ற நூறு யென் கடை அந்தப் பகுதியில் பிறந்ததுதான். தொடக்கியவர் ஹிரோடாகே யானோ, 2024இல் காலமானார். 1972இல் லொறியில் சாமான் ஏற்றி ஊர் ஊராக விற்றவர். சனம் சுற்றி நின்று "இது எவ்வளவு, அது எவ்வளவு" என்று நச்சரிக்க, விலைச்சீட்டு ஒட்ட நேரமில்லாமல், எல்லாமே நூறு யென் என்று சொல்லிவிட்டாராம். அந்த ஒரு வார்த்தை பிறகு உலகம் முழுக்கக் கிளையாகப் போனது.

இதைக் கேட்டபோது எனக்கு நினைவு வந்தது நம் ஊரில் ஸ்பீக்கர் கட்டி வருகிற லொறி. "எதை எடுத்தாலும் நூறு! எதை எடுத்தாலும் நூறு!" என்று அபயபுரம் தாண்டும்போதே கேட்கும். அம்மா உலையை இறக்கி வைத்துவிட்டு ஓடுவார். நம்மவருக்கும் அதே நெருக்கடி, அதே வசனம். லொறி மட்டும் லொறியாகவே இருந்துவிட்டது.

கண்டதையும் சொல்கிறேன். அங்கே விலை எழுதாத சாமான் என்றால் நூறு யென் என்று அர்த்தம். 200, 300, 500 என்றால் சாமானிலேயே அச்சடித்திருக்கும். வரி பத்து வீதம், ஆகவே நூறு என்பது கையில் 110. யாரும் விலை கேட்பதில்லை. கேட்க ஆளும் தேட வேண்டும். சாமான் ஒவ்வொன்றும் ஒரே ஒரு வேலைக்கென்று செய்தது. குசினித் தொட்டித் துவாரத்துக்கு வலை, ஒரு தனி வாழைப்பழம் நசியாமல் கொண்டுபோக வளைந்த பெட்டி. அந்த வாழைப்பழப் பெட்டியை ஆசைக்கு வாங்கி வந்தேன். நம் கதலி அதற்குள் கிடந்து ஆடுகிறது.

வரும் வழியில் சிங்கப்பூரிலும் இறங்கிப் பார்த்திருக்கிறேன். அங்கே டைசோவில் நெடுங்காலம் எல்லாம் இரண்டு டொலர். 2022 மேயில் அதையும் உடைத்துத் தட்டுத்தட்டாக விலை வைத்தார்கள், ஆகக் குறைந்தது 2.14. அந்தச் சில்லறைக்கு ஒரு பை தேவை.

கிண்ணியா நானா:

நான் தோஹாவில் பதினொரு வருடம். அங்கே ஐந்து, பத்து, பதினைந்து ரியால் கடைகள். நான் போன காலத்தில் பத்து ரியாலுக்கு வாங்கிய பிளாஸ்க்கை ஊருக்குத் திரும்பி வந்த வருடமும் பத்து ரியாலுக்கே வாங்கினேன். ரியாலை டொலரோடு 3.64 என்று கட்டி வைத்திருக்கிறார்கள், அது ஆடாது. ஆடியது நம் பக்கம். 2022 தொடக்கத்தில் அந்தப் பத்து ரியால் வீட்டுக் கணக்கில் 550 ரூபா, சித்திரை வைகாசிக்குள் ஆயிரத்துக்குக் கிட்ட. பிளாஸ்க் அதேதான். வாப்பா தொலைபேசியில் "இனிச் சாமான் அனுப்பாதே மகன், காசாப் போடு" என்றார்.

அதற்கு முன்னமே ஒரு கேத்தில் அனுப்பி மாட்டுப்பட்டிருந்தேன். கார்கோவில் வந்து சேர்ந்தது, பிளக் மூன்றும் சதுரக் கால். எங்கள் வீட்டுச் சுவரில் இருந்ததோ பழைய உருண்டைத் துவாரம். உம்மா அதை அலுமாரிக்கு மேல் அலங்காரத்துக்கு வைத்துவிட்டார். லீவில் வந்து, அதற்கொரு அடப்ரரை டவுன் நூறு ரூபாக் கடையில் வாங்கிக் கொடுத்தேன். நாங்கள் பழைய ஆட்கள், 2009இல் பாலம் திறக்கும் வரை பாதை என்கிற மிதவைப் படகில் ஏறிக் கடந்து டவுன் கடைக்கு வந்தவர்கள். கட்டாருக்குப் போய்வந்த கேத்தில் கடைசியில் அந்த டவுன் கடையால்தான் கொதித்தது.

பழைய கடைக்காரன்:

எல்லோரும் வாங்கின கதையே சொல்கிறீர்கள். நான் விற்றவன். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் மேசை போட்டுப் பத்து வருடம். இரவு பஸ்ஸில் கொழும்பு புறக்கோட்டைக்குப் போய் டசின் கணக்கில் எடுத்து மறுநாள் இரவு திரும்புவேன். மட்டையில் "எதை எடுத்தாலும் 100". அதில் எல்லாமே லாபம் என்று நினைக்காதீர்கள். சீப்பும் பின்னும்தான் என்னைக் காப்பாற்றின. வாளி நட்டம். ஆனால் வாளி தொங்கினால்தான் சனம் நிற்கும். வாளிக்கு வந்தவர் சீப்போடு போகவேண்டும், அதுதான் தொழில்.

2022 மாசியில் 200 சொச்சத்தில் நின்ற டொலர் வைகாசியில் 360. புறக்கோட்டையில் காலையில் ஒரு விலை, சாப்பிட்டுவிட்டு வந்தால் வேறு விலை. ஆவணியில் ஆயிரத்துக்கு மேற்பட்ட வகைச் சாமானுக்கு இறக்குமதித் தடை வேறு. மட்டையை மாற்ற வேண்டி வந்தது. 200 என்று எழுதினால் நாளைக்கு 300 ஆகும். யோசித்து, 100க்குப் பக்கத்தில் சின்னதாக "முதல்" என்று சேர்த்தேன். சனம் சிரித்தது. நான் சொன்னேன், இதைப் போடாவிட்டால் என்ர முதல் போயிடும். நூறுக்கென்று ஊசிப் பெட்டி மட்டும் மேசையின் மூலையில் வைத்திருந்தேன், பொய் சொல்லக்கூடாதே. பழைய மட்டையைச் சுவரோரம் சாத்திவிட்டுப் போனேன், விடிய வந்து பார்த்தால் மான் பாதியைத் தின்றிருந்தது. திருகோணமலை மானுக்கு மட்டையும் ஒன்றுதான் இலையும் ஒன்றுதான்.

அக்கா சொன்ன கடை என்னுடையது இல்லை. ஆனாலும் அந்த 250க்கு நான் பதில் சொல்கிறேன். ஏற்றிச் சொல்வது குறைப்பதற்கு இடம் விட்டுத்தான். கேட்டால் குறையும். உங்கள் பெறாமகள் தண்ணீர்ப் போத்தலும் கையுமாக வந்து "எவ்வளவு?" என்று கேட்டுவிட்டு, சொன்னதும் பணப்பையைத் திறந்திருப்பாள். அப்படித் திறந்தால் நாங்கள் என்ன செய்வது? ஸ்காபரோத் தம்பி சொன்ன மெஷின் எல்லோருக்கும் ஒரே விலை சொல்லும், சரி. கையில் எண்பது ரூபாவோடு வருகிற மூதூர்க் கிழவிக்கு அது வடி கொடுக்குமா? நான் கொடுத்திருக்கிறேன். அந்த இருபதை வேறொருவரிடம் எடுத்துமிருக்கிறேன், மறைப்பானேன்.

டோச் விஷயத்தில் மட்டும் நான் வாதாட வரமாட்டேன். ஒற்றைச் சாமான் பழுது என்று புறக்கோட்டையில் திருப்பி எடுக்கமாட்டார்கள் என்பது உண்மை. மாலையில் கடை சாத்தியபின் திறந்து உள்ளே தகட்டை நிமிர்த்தினால் பாதிக்குமேல் எரியும், அதுவும் உண்மை. ஆனால் நிமிர்த்தாமல் கொக்கியில் மாட்டுவது பிழை.

உவர்மலை அக்கா:

அண்ணை, உங்கள் பதிலைப் பெறாமகளுக்கு வாசித்துக் காட்டினேன். தமிழ் வாசிக்கத் தெரியாது, ஆனால் காது நல்ல காது. பணப்பையைத் திறந்தது உண்மைதான் என்று ஒத்துக்கொண்டாள். ஆனால் அவள் கணக்கு வேறு. வடி 180க்கே வந்தது. டோச்சுக்கு அவர் சொன்ன விலையை அப்படியே கொடுத்தாளாம், நான் அப்போது வாசலில் செருப்புப் பார்த்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு கொடுத்தாள் என்று சொல்கிறாளில்லை. "சித்தி, அதுவும் 70 குறைஞ்சிருக்குமோ?" என்று மட்டும் கேட்கிறாள். நாளைக்கு மீன் வாங்கப் போகும்போது தானும் வருகிறாளாம்.