பிராண்ட், பிராண்டிங்: பாடநூலுக்கு ஒரு கலைச்சொல்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

பட்டயப் படிப்பு மாணவர்களுக்கான வடிவமைப்புப் பாடநூல் ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். சொல்லடைவை வெள்ளிக்கிழமைக்குள் அச்சுக்கு அனுப்பியாக வேண்டும். லோகோவுக்கு 'இலச்சினை' என்றும், சட்டப் பாதுகாப்புப் பெற்ற ட்ரேட்மார்க்குக்கு 'வணிகக்குறி' என்றும் வைத்துவிட்டேன். பிராண்டுக்குத்தான் சொல் அமையவில்லை. நூல் அமுல் வெண்ணெய் விளம்பரத்தைச் சான்றாகக் காட்டுகிறது. சில்வெஸ்டர் டகுன்யாவும் ஓவியர் யூஸ்டஸ் பெர்னாண்டஸும் 1966-இல் உருவாக்கிய புள்ளிச்சட்டைச் சிறுமி, தெருவோர விளம்பரப் பலகைகளில் நாட்டுநடப்பைச் சீண்டத் தொடங்கி, இன்று அதே குரலில் இன்ஸ்டாகிராமிலும் பேசுகிறாள். ஓவியம், சொல்விளையாட்டு, குரல், வாங்குவோர் மனத்தில் ஊறிய நம்பிக்கை ஆகிய அனைத்தையும் ஒருசேரக் குறிக்கும் சொல் வேண்டும். 'முத்திரை' பொருந்துமா? பிராண்டிங்கை 'முத்திரையாக்கம்' எனலாமா?

அன்புடன்,
மொழிபெயர்ப்பாளர்

*

ஐயா, வணக்கம்.

வடசொல்லான முத்திரையை நாடுவதற்கு முன் நம் வீட்டுச் சொல்லைப் பாருங்கள். காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் பண்டங்களுக்குச் சோழனின் அடையாளம் இடப்பட்டதைப் பட்டினப்பாலை 'புலி பொறித்துப் புறம் போக்கி' என்கிறது. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதையில் 'வம்ப மாக்கள் தம்பெயர் பொறித்த கண்ணெழுத்துப் படுத்த எண்ணுப் பல்பொதி' வருகிறது. பெயர்ச்சொல்லாகப் 'பொறி', வினையாகப் 'பொறித்தல்', புதுப்பித்தலுக்கு 'மறுபொறிப்பு' என ஒரே வேரிலிருந்து எல்லாம் கிடைக்கும். ஆங்கிலச் சொல்லும் கால்நடைக்குச் சூடு வைத்து அடையாளமிடும் வழக்கத்தை ஒட்டியே இப்பொருளுக்கு வந்தது. நெருப்புத் துகளும் நமக்குப் பொறிதானே! இவ்விரு பொறிகளும் ஒருவேரினவா என்பது தனியே ஆராயத்தக்கது. சுடுதலே அடையாளமிடுதலின் முதல் வடிவம் என்பது என் துணிபு. அதற்கான சான்றுகளைத் தனி மடலில் எழுதுகிறேன்.

*

வணக்கம்.

வடிவமைப்பு கற்பிப்பவள் என்ற முறையில் எழுதுகிறேன். பட்டினப்பாலை காட்டும் புலி அரசனின் சுங்க அடையாளம். பொதி யாருடையதாயினும் அதே புலிதான். ஆகவே அது பிராண்ட் ஆகாது. சிலப்பதிகாரப் பொதிகள் வணிகர் தம் பெயரையே தாங்கியவை என்பதால் அவை நெருங்கிவருகின்றன. ஆயினும் இரண்டும் இட்ட குறியையே சுட்டுகின்றன. நைக்கியின் வளைகோட்டை 1971-இல் கரோலின் டேவிட்சன் என்ற மாணவி 35 டாலருக்கு வரைந்து கொடுத்தார். கோடு அன்றே முழுமையடைந்துவிட்டது. பிராண்ட் அதற்குப் பின் பல ஆண்டுகளில் வளர்ந்தது. இந்த வேறுபாட்டைத்தான் மாணவர்கள் முதலில் குழப்பிக்கொள்கிறார்கள். லோகோவை வரைந்து முடித்ததும் பிராண்டிங் முடிந்துவிட்டதாக எண்ணுகிறார்கள். இதில் பொறி என்று எழுதினால், பொறியியல், ஐம்பொறி, எலிப்பொறி எல்லாம் குறுக்கே வந்து நிற்கும்.

'தனி முத்திரை பதித்தார்' என்று நாம் ஒரு கலைஞரைப் பற்றிச் சொல்லும்போது, பலநாள் உழைப்பில் திரண்டு, பெயரைப் பார்க்காமலே இன்னார் செய்தது என்று அறியச் செய்யும் தன்மையைச் சொல்கிறோம். முத்துசாமி தீட்சிதர் தம் கிருதிகளில் கையொப்பம்போல் வைக்கும் 'குருகுஹ' என்ற சொல் இசையுலகில் முத்திரை என்றே வழங்குகிறது. கலையும் வணிகமும் சந்திக்கும் இடத்துக்கு இதைவிட இயல்பான சொல் எனக்குத் தெரியவில்லை. தம் ஓவியங்களை ரீல்ஸாக வெளியிட்டு வாடிக்கையாளரைத் தேடும் என் மாணவிக்கு 'உன் முத்திரை என்ன?' என்ற கேள்வி உடனே புரியும். 'உன் பொறி என்ன?' என்றால் அவள் விளக்கம் கேட்பாள்.

*

ஐயாவுக்கும் அம்மாவுக்கும் வணக்கம்.

முத்திரையை வடசொல் என்று தள்ள வேண்டியதில்லை. 'முத்துதல்' என்பதற்குப் பொருந்துதல் என்ற பொருள் உண்டு, முத்தமும் அவ்வேரினதே. மெழுகின்மேல் அச்சு பொருந்துவதால் முத்திரை என்று கொள்ளலாம். ஆனால் 'முத்திரை குத்துதல்' இழிவாக ஒருவரை வகைப்படுத்துவதைக் குறிக்கிறதே, நாட்டியத்தில் கைக்குறிக்கும் இதே பெயர்தானே என்ற தடைகளுக்கு யாரும் விடை கூறவில்லை. 'வணிக முத்திரை' என்று அடைகொடுத்தால் குழப்பம் குறையும். அப்போது தனிக் கலைஞரை அச்சொல்லுக்குள் எப்படி அடக்குவது?

*

அனைவருக்கும் நன்றி.

தனிமடல்களையும் சேர்த்துப் பார்த்தால் பெரும்பான்மையோர் முத்திரைக்கு இசைகிறார்கள். பொதுவிடங்களில் 'முத்திரை', நிறுவனம் பற்றிய இயல்களில் 'வணிக முத்திரை', முதல் வருகையில் மட்டும் பக்கத்தில் 'பிராண்ட்' என்று சொல்லடைவை அனுப்புகிறேன். 'முத்திரையாக்கம்' செவிக்கு இனிதாக இல்லை என்பதை ஏற்கிறேன். வேறு சொல் அகப்படாததால் அது நிற்கிறது.

*

ஐயா, என் மறுப்பைக் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன். வினைவடிவம் இயல்பாக அமையாத சொல்லைக் கலைச்சொல்லாக ஏற்க இயலாது. இரண்டாம் பதிப்பில் பிராண்டிங்குக்கு மட்டுமேனும் 'பொறித்தல்' இடம்பெற வேண்டும். நெருப்பைப் பற்றிய மடலை ஞாயிறன்று அனுப்புகிறேன்.