ஜி கம்பி சுருதி நிக்கல, ஆம்ப்ல இரைச்சல்: பிக்கப் மாத்தணுமா, வேற கிட்டார் வாங்கணுமா?

கேள்வி (சென்னை, திருவான்மியூர்)

வணக்கம் நண்பர்களே. என்கிட்ட இருக்கிறது நடுத்தர விலையில ஒரு ஸ்ட்ராட் வகை (ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் மாதிரி) எலக்ட்ரிக் கிட்டார். மூணு சிங்கிள் காயில் பிக்கப் (கம்பி அதிர்வை மின்சிக்னலா மாத்துற காந்தச் சுருள்), ஆறு ஸ்க்ரூ ட்ரெமலோ (கையால அழுத்தினா கம்பிகளைத் தளர்த்துற பிரிட்ஜ்), 25.5 அங்குல ஸ்கேல் (அதிர்ற கம்பியோட நீளம்), 9.5 அங்குல ரேடியஸ் (விரல்பலகையோட வளைவு), 21 ஃப்ரெட். கம்பி 9-42 (மெல்லிசு .009, தடிசு .042 அங்குலம்), புதுசு. மூணு தொல்லை இருக்கு.

ஜி கம்பியை ஒரு முழு டோன் பெண்ட் பண்ணி (பக்கவாட்டுல இழுத்து சுருதியை ஏத்தி) விட்டா சுருதி இறங்கிடுது. ட்ரெமலோவை அழுத்தி விட்டா அதே கம்பி ஏறி நிக்குது. ட்யூன் பண்ணும்போது நட் (நெக் முனையில கம்பிகளைத் தாங்குற பள்ளக்கட்டை) பக்கம் 'டிங்'னு ஒரு சத்தம் வருது.

அடுத்தது, ஆம்ப்ல கெயின் (சிக்னல் பெருக்கம்) ஏத்தினா இரைச்சல். கம்பியைத் தொட்டா குறையுது. பிக்கப் தேர்வு ஸ்விட்சை 2, 4 இடங்கள்ல வச்சா (ரெண்டு பிக்கப் சேர்ந்து வேலை செய்யும்) ரொம்பக் கம்மி.

மூணாவது, தடித்த ஈ கம்பியில 12ஆம் ஃப்ரெட்டுக்கு மேல ஸ்வரம் தள்ளாடுது. சேடிலை (பிரிட்ஜ்ல கம்பி உட்கார்ற துண்டு) எவ்வளவு நகர்த்தினாலும் இன்டொனேஷன் (எல்லா ஃப்ரெட்லயும் சுருதி சரியா வர்றது) உட்கார மாட்டேங்குது.

கையில 20,000 ரூபாய் இருக்கு. லாக்கிங் ட்யூனரும் (கம்பியைப் பூட்டிப் பிடிக்கிற முறுக்காணி) புது பிக்கப் செட்டும் போடலாம்னு யோசிக்கிறேன். இல்லன்னா இதை வித்துட்டு, மேல பணம் போட்டு யமஹா பசிபிகா 612 வாங்கலாமா?

பதில் 1

ப்ரோ, எதையும் இப்ப ஆர்டர் பண்ணாதீங்க. நீங்க சொன்ன அறிகுறியிலேயே பாதி விடை இருக்கு.

பெண்ட் பண்ணா இறங்குது, ட்ரெமலோ அழுத்தினா ஏறுது, ட்யூன் பண்ணா 'டிங்'. இந்த மூணும் சேர்ந்து வந்தா ஜி கம்பி நட் பள்ளத்துல மாட்டிக்குதுன்னு அர்த்தம். பெண்ட் பண்றப்ப கம்பி ட்யூனர் பக்கத்திலிருந்து கொஞ்சம் உள்ள இழுபடும். விட்டதும் திரும்பிப் போகணும். பள்ளம் இறுக்கமா இருந்தா போகாது, நீளம் உள்ளேயே தங்கி சுருதி இறங்கிடும். ட்ரெமலோ அழுத்தினா இதுவே தலைகீழா நடக்கும். உறுதி பண்ண, பெண்ட் பண்ணி இறங்கின உடனே நட்டுக்கும் ட்யூனருக்கும் நடுவுல கம்பியை விரலால ஒரு அழுத்து அழுத்தி விடுங்க. சுருதி பழைய இடத்துக்கு வந்துட்டா குற்றவாளி நட்தான். லாக்கிங் ட்யூனர் இதைச் சரி பண்ணாது. அது குறைக்கிறது ட்யூனர் தண்டுல சுத்தியிருக்கிற சுருளோட தளர்ச்சியை மட்டும்தான்.

சரி பண்ற வழி: கம்பியைத் தளர்த்திப் பள்ளத்திலிருந்து ஓரமா எடுங்க. ஜி கம்பி .016 அங்குலம். அதே அளவு பழைய கம்பித் துண்டுமேல 1000 கிரிட் உப்புத்தாளைச் சுத்தி, தலைப்பக்கம் லேசா சரிவு இருக்கிற மாதிரி நாலஞ்சு தடவை மட்டும் இழுங்க. அகலம்தான் கூடணும், ஆழம் கூடக் கூடாது. ஆழம் போயிட்டா வெறும் கம்பி மீட்டறப்ப முதல் ஃப்ரெட்டுல அடிச்சு 'ஜ்ஜ்'னு சத்தம் வரும், அப்புறம் நட்டையே மாத்தணும். ஆழம் பார்க்க, 2ஆம் 3ஆம் ஃப்ரெட்டுக்கு நடுவுல அழுத்தி முதல் ஃப்ரெட்டுக்கு மேல பாருங்க. ஒரு மெல்லிசு காகித அளவு இடைவெளியாவது தெரியணும். கடைசியா 2பி பென்சில் தூளைப் பள்ளத்துல தடவுங்க. பி, ஈ கம்பிகளைக் கீழே பிடிக்கிற ஸ்ட்ரிங் ட்ரீக்கு அடியிலயும் தடவுங்க. அங்கயும் கம்பி மாட்டும்.

தள்ளாட்டத்துக்குக் காரணம் பிக்கப் உயரம். காந்தம் கம்பியை இழுத்துப் பிடிக்குது. அந்த நிலையில சேடிலை நகர்த்தி பிரயோஜனமே இல்ல. கடைசி ஃப்ரெட்டுல கம்பியை அழுத்திக்கிட்டு, காந்த முனைக்கும் கம்பி அடிப்பக்கத்துக்கும் நடுவுல அளங்க. தடித்த ஈ பக்கம் 2.4 மி.மீ., மெல்லிய ஈ பக்கம் 2 மி.மீ. அதுல ஆரம்பிங்க. நெக் பிக்கப்பை இன்னும் கொஞ்சம் இறக்கினாலும் தப்பில்ல, காந்த இழுப்பு அங்கதான் அதிகமா உறைக்கும்.

பதில் 2

இரைச்சலைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

கம்பியைத் தொட்டால் குறைகிறது என்றால் உங்கள் பிரிட்ஜ் எர்த் ஒயர் நன்றாகவே இருக்கிறது. ட்ரெமலோ ஸ்பிரிங் மாட்டும் கிளாவில் சாலிடர் செய்த ஒயர்தான் அது. அறுந்திருந்தால் தொட்டாலும் வித்தியாசம் தெரியாது. இதற்கு நேர்மாறாகத் தொட்டதும் இரைச்சல் கூடினாலோ, கையில் சுர்ரென்று அடித்தாலோ அது கிட்டார் பிரச்சினை இல்லை. உடனே பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சாக்கெட்டில் எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்க்க வேண்டும்.

2, 4 இடங்களில் அமைதி என்பதால் உங்கள் நடு பிக்கப் எதிர்ச் சுற்று, எதிர்க் காந்த வகை. இரண்டு காயில்கள் சேரும்போது அவற்றின் ஹம் (மின்சார முனகல்) ஒன்றையொன்று அழித்துவிடும். ஆகவே பிக்கப்பில் கோளாறு இல்லை. 20,000 ரூபாயில் வேறு சாதாரண சிங்கிள் காயில் செட் போட்டாலும் 1, 3, 5 இடங்களில் இதே ஹம் இருக்கும்.

இரைச்சலில் இரண்டு வகை கலந்திருக்கிறது. 'ம்ம்ம்' என்று கீழ்ச் சுருதியில் வருவது மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும். காந்தப்புலத்தால் வருவது, செப்புத் தகடு ஒட்டினாலும் போகாது. 'ஜ்ஜ்ஜ்' என்று கீச்சாக வருவதை ஷீல்டிங் (உள்ளே செப்பு டேப் ஒட்டி மறைப்பது) பெருமளவு அடக்கும். முதலில் அறையைச் சோதியுங்கள்: ட்ரையாக் வகை ஃபேன் ரெகுலேட்டர், எல்இடி விளக்கு, போன் சார்ஜர் ஒவ்வொன்றாக அணையுங்கள். சுழற்றும் பழைய எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் பெரும்பாலும் முதல் குற்றவாளி. கெபாசிட்டர் வைத்த ஸ்டெப் ரெகுலேட்டருக்கு மாற்றினாலே பெரிய வித்தியாசம் தெரியும்.

பிறகு ஷீல்டிங். பிக்கார்டைக் (பிக்கப்கள் பொருத்திய முகப்புத் தகடு) கழற்றியதும் ஒயரிங்கைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பசைப்பக்கமும் மின்சாரம் கடத்தும் செப்பு டேப் வாங்குங்கள். சாதாரணப் பசை என்றால் ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு பொட்டு சாலிடர் வைக்க வேண்டிவரும். அதன் அடியில் உடலில் இருக்கும் குழியின் தரை, சுவர் முழுக்க ஒட்டி, விளிம்பில் ஒரு நாக்கை மேலே மடித்து விடுங்கள். பிக்கார்டின் அடியிலும் ஒட்டினால் மூடும்போது இரண்டும் தொட்டுக்கொள்ளும். மல்டிமீட்டரில் எந்த இரு மூலைக்கும் 1 ஓமுக்குக் கீழே காட்ட வேண்டும். குழியிலிருந்து ஒரு ஒயர் வால்யூம் பாட்டின் (குமிழுக்கு அடியில் இருக்கும் மாறும் மின்தடை, pot) முதுகுக்குப் போக வேண்டும். ஜாக் குழி தனி, அதற்குத் தனி ஒயர்.

பலர் சறுக்கும் இடம் இது: மூடியபின் ஸ்விட்ச் முனையோ ஜாக்கின் சிக்னல் முனையோ செப்பில் பட்டால் சத்தமே வராது. அந்த இடங்களில் செப்புக்கு மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டிவிடுங்கள்.

கேட்டவர்

நன்றி அண்ணா, ரெண்டு பேருக்கும். அழுத்திப் பார்த்தேன், சுருதி திரும்பி வருது. நட் தான். ஒரு சந்தேகம்: ஜி பெண்ட் பண்றப்ப பக்கத்துக் கம்பிகளும் கொஞ்சம் இறங்குதே, அதுவும் நட்டா? வால்யூம் பாட்டும் மாத்தணும்னு ஒருத்தர் சொன்னார்.

பதில் 1

அது கோளாறு இல்ல. ட்ரெமலோ மிதக்கிற நிலையில இருந்தா ஒரு கம்பியை இழுக்கிறப்ப பிரிட்ஜ் முன்னால சாயும், மத்த கம்பி தளரும். ட்ரெமலோவை மேல இழுத்து வாசிக்கிற பழக்கம் இல்லன்னா, பின்பக்கம் கிளாவோட ரெண்டு ஸ்க்ரூவையும் ஒரே அளவுல இறுக்கி பிரிட்ஜை உடம்போட ஒட்ட வச்சிடுங்க. மிதக்கத்தான் வேணும்னா பிரிட்ஜ் பின் விளிம்புல 3.2 மி.மீ. இடைவெளி வைங்க.

இதை மாத்தினா மத்ததும் மாறும். அதனால வரிசை முக்கியம்: ட்யூன், பிரிட்ஜ், ட்ரஸ் ராட் (நெக்குக்குள்ள வளைவைச் சரி பண்ற தண்டு), கம்பி உயரம், பிக்கப் உயரம், கடைசியாத்தான் இன்டொனேஷன். முதல் ஃப்ரெட்டுல கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கிற கவ்வி) போட்டு, உடம்போட நெக் சேர்ற ஃப்ரெட்டுல தடித்த ஈயை அழுத்தினா 8ஆம் ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவுல 0.25 மி.மீ. இருக்கணும். ட்ரஸ் ராடை ஒரு தடவைக்குக் கால் சுத்துக்கு மேல திருப்பாதீங்க. கம்பி உயரம் 17ஆம் ஃப்ரெட்டுல 1.6 மி.மீ. 9.5 ரேடியஸ்ல பெரிய பெண்ட் பண்றப்ப ஸ்வரம் அடைஞ்சு செத்துப்போச்சுன்னா மெல்லிய கம்பிகளை 1.8 வரைக்கும் ஏத்துங்க.

பதில் 2

பாட் கரகரக்காவிட்டால் மாற்ற வேண்டாம். மாற்றினால் சிங்கிள் காயிலுக்கு 250 கிலோஓம், ஆடியோ டேப்பர் (காதுக்குச் சத்தம் சீராக ஏறும் வகை). முழு அளவு சிடிஎஸ் (CTS நிறுவனத்தின்) பாட்டின் கழுத்து 9.5 மி.மீ. தடிமன், மெட்ரிக் பாட்டுக்குப் போட்ட பிக்கார்டுத் துளையில் நுழையாது, துளையைப் பெரிதாக்க வேண்டும். தண்டில் பல் எண்ணிக்கையும் வேறு: அதில் 24, ஆசியப் பாட்டுகளில் பெரும்பாலும் 18. பழைய குமிழ் பொருந்தாது.

பதில் 3

வாங்குறதா, மேம்படுத்துறதான்னு முடிவு பண்ண ஒரே அளவுகோல் நெக்கும் ஃப்ரெட்டும். மத்ததெல்லாம் சுலபமா மாத்திடலாம், இதைச் சரி பண்றதுதான் கஷ்டம். ஒரு நீளமான எஃகு அளவுகோலை ரெண்டு ஈ கம்பி ஓரத்துலயும் ஃப்ரெட் மேல வச்சுப் பாருங்க, ரெண்டு பக்கமும் வேற வேற வளைவு காட்டி நெக் முறுக்கிக்கிட்டு இருந்தா வித்துடுங்க. ஃப்ரெட்ல கம்பி பள்ளம் பாதி உயரத்துக்கு இறங்கியிருந்தா ஃப்ரெட் மாத்துற கூலியைக் கணக்குப் போடுங்க. ரெண்டும் இல்லன்னா வச்சுக்கோங்க.

பசிபிகா 612ல க்ரோவர் லாக்கிங் ட்யூனர், கிராஃப்டெக் டஸ்க் (செயற்கைப் பொருள்) நட், சீமோர் டங்கன் பிக்கப், வில்கின்சன் ட்ரெமலோ எல்லாம் வர்றப்பவே இருக்கு. தனித்தனியா வாங்கிப் போட்டா அதே விலைக்கு வராது, விக்கும்போது போட்ட பாகத்துக்குக் காசும் கிடைக்காது. ஆனா அது வேற கருவி: பிரிட்ஜ் பக்கம் ஹம்பக்கர் (ரெட்டைச் சுருள் பிக்கப்), ரேடியஸ் 13.75 அங்குலம், நட் அகலம் 41 மி.மீ. உங்க கைக்கு 9.5 பழகிருச்சுன்னா வாசிச்சுப் பார்க்காம வாங்காதீங்க.

கேட்டவர்

அளவுகோல் வச்சுப் பார்த்தேன், நெக் நேரா இருக்கு, ஃப்ரெட்ல பள்ளம் இல்ல. பிக்கப்பை இறக்கினதும் தள்ளாட்டம் போயிருச்சு. ஹாலோட ஃபேன் ரெகுலேட்டரை அணைச்சா பாதி இரைச்சல் காணோம். கிட்டாரை வச்சுக்கிறேன். நட் மட்டும் உப்புத்தாளுக்குப் பிறகும் லேசா 'டிங்'ங்குது. புதுசே போட்டுடலாமா?

பதில் 1

போடுங்க. பள்ளம் வெட்டியே வர்ற டஸ்க் எக்ஸ்எல் நட் போதும். ஆர்டருக்கு முன்னால நாலு அளவு எடுங்க: நட் நீளம், தடிமன் (ஸ்ட்ராட்ல பொதுவா 3.2 மி.மீ.), ரெண்டு ஈ கம்பிக்கும் நடுவுல தூரம், அடிப்பக்கம் தட்டையா வளைவா. கடைசியா சொன்னதைப் பார்க்காம வாங்கினா திருப்பி அனுப்ப வேண்டிவரும்.

கழட்டுறப்ப முதல்ல நட்டோட ஓரம் முழுக்கக் கூர் பிளேடால வார்னிஷைக் கீறிடுங்க, இல்லன்னா பெயின்ட் பொளபொளன்னு பேர்ந்து வரும். அப்புறம் நட்டோட ஒரு முனையில மரக்கட்டை வச்சு பக்கவாட்டுல மெதுவா தட்டி வெளிய எடுங்க. புதுசு உயரமா இருந்தா அடிப்பக்கத்தைத் தேய்ச்சுக் குறைங்க, பள்ளத்தைத் தொடாதீங்க. ஒட்ட ரெண்டு பொட்டு ஃபெவிகால் போதும். சூப்பர் குளூ வேண்டாம், அடுத்த தடவை கழட்டுறப்ப மரத்தோட வரும்.

ட்யூனர் இப்போதைக்கு விடுங்க. எப்பவாவது வாங்கினா தலைப்பகுதித் துளை 10 மி.மீட்டரா, பழைய பாணி 8.7 சுமாரான்னு கேலிப்பர்ல அளந்துட்டு வாங்குங்க. கடற்கரைக்குப் பக்கத்துல இருக்கீங்க, மிச்சப் பணத்துல பூச்சு போட்ட கம்பி ரெண்டு செட் எடுத்து வைங்க. சாதாரணக் கம்பி உப்புக்காத்துல சீக்கிரம் துருப்பிடிச்சு, புது நட்லயும் சொரசொரன்னு மாட்டும்.